அப்பாவின் ஸ்டீரியோவும் வீட்டுத் தியேட்டரும் ஒரே லவுஞ்சில்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அடுத்த வீட்டோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் செமி-டிடாச்ட் வீடு. லவுஞ்ச் 4.8 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். அப்பா விட்டுச்சென்ற 1980களின் ஸ்டீரியோ ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்), தரையில் நிற்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர், ஒரு பெட்டி நிறைய எல்.பி. தட்டுகள் எல்லாம் இருக்கின்றன. மனைவியும் பிள்ளைகளும் படம் பார்க்கவென்று ஐந்து ஸ்பீக்கரை ஓட்டும் ஐந்து சேனல் ரிசீவர் ஒன்றும் வாங்கியிருக்கிறார். அப்பாவின் ஸ்பீக்கரை ரிசீவரில் மாட்டினால் பாட்டில் உயிர் இல்லை என்கிறார். இரண்டு பெட்டியையும் ஒரே ஸ்பீக்கரில் இணைத்துவிடலாமா, இல்லை படத்துக்கென்று இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கவேண்டுமா என்பது கேள்வி.

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆம்பின் கம்பிகளையும் ஒரே ஸ்பீக்கர் முனையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். ஒன்றை அணைத்துத்தானே வைத்திருக்கிறோம் என்று நினைத்தும் மாட்டாதீர்கள். ஸ்பீக்கரின் மின்தடை எட்டு ஓம் என்றால், ஆம்பின் வெளிவாயிலில் இருப்பது ஒரு ஓமில் சின்னஞ்சிறு பங்குதான். ஒரு ஆம்ப் அனுப்பும் மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போவதை விட்டுவிட்டு, எளிதான வழியாக மற்ற ஆம்புக்குள் பாய்ந்துவிடும். டர்பனில் முப்பது வருடத்துக்கு மேல் ஆம்ப் பழுது பார்க்கிறேன். இப்படி மாட்டிக் கெட்டுப்போன பெட்டிகளை எண்ணிக்கை தெரியாத அளவுக்குத் திறந்திருக்கிறேன். கடைசியாக வந்ததில் வலது சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டும் போய்விட்டன. அவற்றின் அடியிலிருந்த மெல்லிய மைக்காத் தகடு தேயிலைச்சாறு நிறத்துக்கு மாறியிருந்தது. போர்டில் ஒரு ரெசிஸ்டர் இருந்த இடத்தில் கரி வட்டம்தான் மிச்சம். அது அவருடைய தாத்தாவின் ஆம்ப். சரி செய்து கொடுத்தேன். ஆனால் அதே டிரான்சிஸ்டர் இப்போது எங்கும் கிடைப்பதில்லை, நெருங்கிய மாற்றுதான் போடமுடிந்தது.

இரண்டாவது ஜோடி ஸ்பீக்கரும் வேண்டாம். 3.6 மீட்டர் அகலமுள்ள அறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு நல்ல இடம் ஒன்றுதான் இருக்கும். இன்னொரு ஜோடி வந்தால் இரண்டில் ஒன்று மூலைக்குத் தள்ளப்படும். வீடுகளில் நான் பார்த்தவரை எப்போதும் மூலைக்குப் போவது பாட்டு ஜோடிதான்.

ஒரே ஜோடி இரண்டு வேலையும் செய்யும், நன்றாகவே செய்யும். அதற்கு முன், இரண்டு வேலையும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொள்ளவேண்டும். கடைக்காரர்கள் இதைப் பெட்டிகளின் சண்டையாகச் சொல்வார்கள்: இது பாட்டு ஆம்ப், அது படத்து ஆம்ப் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உட்காரும் இடத்தில்தான் வித்தியாசம். பாட்டு ஒரு நாற்காலிக்கு. படம் முழு சோபாவுக்கு.

இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் நீங்கள் தனியாக உட்கார்ந்தால், பாடுபவர் குரல் எந்த ஸ்பீக்கரிலிருந்தும் வராமல் நடுவில், வெறும் காற்றில், நிற்கும். அங்கே ஸ்பீக்கரே இல்லை. இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் ஒரே நேரத்தில் வந்து சேருவதால் மூளை அதை நடுவில் வைக்கிறது. சோபாவின் ஓரத்துக்கு நகருங்கள், குரலும் உங்கள் பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய் ஒடுங்கிவிடும். பாட்டுக்கு அது பெரிய குற்றமில்லை. படத்தில் திரையின் நடுவே ஒருவர் பேச, குரல் இடது மூலையிலிருந்து வந்தால் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

இந்தப் பிரச்சினை ஸ்டீரியோவைவிட மூத்தது. 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் மனைவியுடன் படம் பார்க்கப் போயிருந்தார். நடிகர் திரையின் ஒரு பக்கம் இருக்க, குரல் எங்கோ வேறிடத்திலிருந்து வந்தது அவரை உறுத்தியது. நடிகர் நடக்கும் திசையிலேயே குரலையும் நடக்க வைக்கும் வழி தன்னிடம் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னாராம். அந்த வருடம் டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். நாம் இன்று ஸ்டீரியோ என்று சொல்வதன் அடிப்படை அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. பாட்டுக்காரர்கள் படத்தை மட்டமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஸ்டீரியோ பிறந்த கதையே ஒரு தியேட்டரில்தான் தொடங்குகிறது. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு வாசித்ததைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கத்துக்கு அனுப்பியபோது இடது, நடு, வலது என்று மூன்று தடங்கள் வைத்தது. பெரிய அரங்கில் ஓரத்தில் உட்காருபவருக்கும் நடு என்பது நடுவிலேயே இருக்க வேண்டுமல்லவா? சினிமாவின் சென்டர் ஸ்பீக்கர் அந்தத் தேவையின் வாரிசு. கிரே ஸ்ட்ரீட் பக்கத்தில் ஷாஜகான், அவலான் தியேட்டர்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை நம்முடையது. ஓரத்து இருக்கை கிடைத்தவனுக்கும் குரல் திரையிலிருந்தே வந்தது.

ஆகவே என் யோசனை இதுதான். முன்னால் நிற்கும் இரண்டு ஸ்பீக்கரையும் அந்த ஒற்றை நாற்காலிக்காக, பாட்டுக்காக மட்டுமே யோசித்து வையுங்கள். டிவி, சென்டர், பின்பக்க ஸ்பீக்கர்கள், அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர் எல்லாம் அதைச் சுற்றி வந்து சேரட்டும். பாட்டுக்குச் சரியாக வைத்த ஜோடி படத்துக்கும் சரியாகவே இருக்கும். டிவியைச் சுவரில் அறைந்துவிட்டு மிச்ச இடத்தில் ஸ்பீக்கரைச் செருகினால் பாட்டு போய்விடும்.

இணைப்புக்கு வருவோம். செலவு செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை. உங்கள் ரிசீவரில் டைரக்ட் அல்லது ப்யூர் டைரக்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய ரிசீவர் பெரும்பாலும் இரண்டு தடப் பாட்டையும் ஐந்து ஸ்பீக்கருக்குப் பரப்பிக்கொண்டிருக்கும். சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் வேலையும் நடந்துகொண்டிருக்கும். உயிர் இல்லை என்று நீங்கள் சொன்னது அதுவாகவே இருக்கலாம். அந்தப் பட்டனை அழுத்திவிட்டு, ஒரே பாட்டை இரண்டு ஆம்பிலும் ஒரே சத்த அளவில் கேளுங்கள். ஒரே அளவு என்பது முக்கியம். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது "நல்ல ஆம்ப்" என்று சொல்லிவிடும். போனில் சத்தம் அளக்கும் ஆப் போதும். வித்தியாசம் தெரியவில்லை என்றால் ரிசீவர் ஒன்றே போதும். அப்பாவின் ஆம்பை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலை சுலபம்.

வித்தியாசம் தெரிகிறது என்றால், ரிசீவரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஃப்ரன்ட் ப்ரீ-அவுட் (முன் ஸ்பீக்கருக்கான சிக்னல், ஆம்ப் பெரிதாக்குவதற்கு முன்பே வெளியே வரும் இடம்) என்று சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள் இருக்கின்றனவா? மலிவான ரிசீவர்களில் சப்வூஃபருக்கு மட்டும் ஒரு துளை இருக்கும், இவை இருக்காது. இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த இரண்டு துளையிலிருந்து கம்பி எடுத்து அப்பாவின் ஆம்புக்குக் கொடுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் எப்போதும் அப்பாவின் ஆம்பிலேயே மாட்டியிருக்கும், ரிசீவரின் முன்பக்க ஸ்பீக்கர் முனைகள் காலியாக இருக்கும். படம் ஓடும்போது ரிசீவர் சென்டரையும் பின்பக்கத்தையும் தானே பார்த்துக்கொண்டு, முன்பக்கத்தை மட்டும் அப்பாவின் ஆம்பிடம் ஒப்படைக்கும். பாட்டு கேட்கும்போது ரிசீவர், டிவி எல்லாம் அணைந்தே இருக்கலாம். ரெக்கார்டு பிளேயர், ஆம்ப், ஸ்பீக்கர் மட்டும். அப்பா கேட்ட அதே பாதை, நடுவில் எதுவும் புகவில்லை.

ஆம்பின் எந்தத் துளைக்குக் கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். இப்போது வரும் சில ஸ்டீரியோ ஆம்ப்களில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (HT Bypass) என்று ஒரு நுழைவாயில் உண்டு. அதில் வரும் சத்தம் ஆம்பின் வால்யூம் குமிழைத் தொடாமல் நேராகப் போகும், ரிசீவரின் வால்யூம் மட்டுமே ஆளும். 1980களின் ஆம்பில் அந்தப் பெயர் இருக்காது. ஆனால் பின்னால் ப்ரீ-அவுட், மெயின்-இன் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதிக்கு நேராகப் போகும் வாசல்) என்று நான்கு துளைகளை U வடிவக் கம்பித்துண்டு இரண்டு இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பானிய ஆம்ப்கள் பலவற்றில் உண்டு. இருந்தால் அதிர்ஷ்டம். கம்பித்துண்டை உருவிவிட்டு, நடுவில் இரண்டு உள்ளே ஒன்று வெளியே என்ற சின்ன ஆர்சிஏ சுவிட்ச் பெட்டி வையுங்கள். ஒரு பக்கம் ஆம்பின் சொந்த ப்ரீ-அவுட், மறுபக்கம் ரிசீவரின் ப்ரீ-அவுட், வெளியே போவது மெயின்-இன். சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினால் பாட்டு, அந்தப் பக்கம் தள்ளினால் படம். இங்கே ஓடுவது ஒன்றிரண்டு வோல்ட் சிக்னல்தான், ஸ்பீக்கர் மின்சாரம் இல்லை. அதனால் எதுவும் எரியாது. ஆனாலும் வால்யூமைக் குறைத்துவிட்டு மாற்றுங்கள்.

அந்தத் துளைகளும் இல்லையென்றால் வெளிப் பெட்டிகளுக்கான ஆக்ஸ் துளையில் கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. படம் பார்க்கும்போது ஆம்பின் வால்யூம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். கடிகார முள்ளில் 11 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளை டேப் ஒட்டுங்கள். அந்த நிலையில் வைத்துத்தான் ரிசீவரின் மைக் சோதனையை (மைக் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் தூரத்தையும் அது தானே கணிப்பதை) ஓட்டவேண்டும். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் சுமார் 10, 12 டெசிபல் மட்டும்தான் ஏற்றி இறக்க முடியும். முன்பக்கம் அந்த எல்லையில் போய் முட்டியிருந்தால் 10 மணிக்கோ 12 மணிக்கோ நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். படம் முடிந்ததும் குமிழைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஆம்பை அணைக்கவேண்டும். இதை வீட்டில் எல்லாருக்கும் பழக்கிவிடுங்கள். மறுநாள் காலையில் அம்மா சுப்ரபாதம் போட உட்கார்ந்து, குமிழ் 11 மணியிலேயே நின்றால் அவர் பயந்துபோவார், ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தத்தைத் தரும் ட்வீட்டரும் பயந்துபோகும். போடும்போது ரிசீவர் முதலில், ஆம்ப் பிறகு. அணைக்கும்போது ஆம்ப் முதலில். இந்த வரிசை தவறினால் ஸ்பீக்கரில் டப் என்று அடி விழும்.

ரிசீவரில் ப்ரீ-அவுட்டே இல்லையா? அப்போதும் ஸ்பீக்கர் கம்பியைக் கையால் மாற்றும் வழி இருக்கிறது. இரண்டு முனையிலும் வாழைப்பழ பிளக் போட்டால் மாற்ற அரை நிமிடம். ஸ்பீக்கர் சுவிட்ச் பெட்டியும் விற்கிறார்கள். வாங்கினால் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் மாற்றுவதாக, பழைய தொடர்பை முழுக்க விட்டபிறகே புதியதைப் பிடிப்பதாக இருக்கவேண்டும். நெகட்டிவைப் பொதுவாக வைத்த மலிவுப் பெட்டி சில ரிசீவர்களைக் கொன்றுவிடும். நானாக இருந்தால் அந்தக் காசைச் சேர்த்து ப்ரீ-அவுட் உள்ள பழைய ரிசீவர் ஒன்றை இரண்டாம் கையில் வாங்குவேன்.

அப்பாவின் ஆம்பைப் பற்றி ஒன்று. நாற்பது வயதான பெட்டி அது. உள்ளே கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். டர்பன் காற்றில் உப்பும் ஈரமும் வேறு. கடலோரத்துப் பிளஃப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் ஆம்ப்களில் ஸ்பீக்கர் கம்பியின் வெறும் முனை பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சையை வெட்டிவிட்டுப் புதிதாகத் தோலுரித்தாலே சில வீடுகளில் "சத்தம் தெளிந்துவிட்டது" என்பார்கள். ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன், ஆம்பைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து, எதுவும் ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் மாட்டவேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஸ்பீக்கரின் வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் இன்னும் பல வருடம் ஓடும். ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம் என்றால், ஊறின ரஸ்க் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வரும். புது வளையம் ஒட்டமுடியும், ஸ்பீக்கரைத் தூக்கியெறியாதீர்கள்.

இனி அறை. எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம், உங்களுக்குக் காசு மிச்சமாவதும் இங்கேதான்.

குறுகிய 3.6 மீட்டர் சுவரில் டிவி, அறையின் நீளத்தைப் பார்த்தபடி நீங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 2.4 மீட்டர். அப்படி வைத்தால் ஒவ்வொன்றும் பக்கச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். முன்சுவரிலிருந்து 70 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை முழம், வெளியே இழுங்கள். டிவியின் கண்ணாடி முகத்தைவிட ஸ்பீக்கர் நன்றாக முன்னால் இருக்கவேண்டும்; இல்லையென்றால் அந்தக் கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடித்து, நடுவில் நிற்கவேண்டிய குரலைக் கலைக்கும். பாட்டு கேட்கும்போது டிவி மேல் ஒரு கனமான கம்பளியைப் போட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் காது முன்சுவரிலிருந்து 3 மீட்டரில். பின்னால் 1.8 மீட்டர் காலி. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் நம் வீடுகளின் வழக்கம் என்று தெரியும். அதை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட சுருதி மாட்டிக்கொண்டு வீங்கும். 343-ஐ நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்த சுருதி கிடைக்கும். உங்கள் 4.8 மீட்டருக்கு 36 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாம் மடங்கு 71. உயரம் 2.4 மீட்டருக்குப் போடுங்கள்: அதுவும் 71. நீளம் உயரத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு என்பதால் இரண்டு வீக்கமும் ஒரே சுருதியில் வந்து உட்கார்ந்துவிட்டன. உங்கள் லவுஞ்சில் மிருதங்கத்தின் தொப்பியில் சில அடிகள் மட்டும் பானை உருண்டதுபோல் கும்மென்று நீள்வதைக் கேட்டிருப்பீர்கள். படத்தில் கார் ஓடினாலும் அதே கும். ஆம்பை மாற்றி, ஸ்பீக்கரை மாற்றி, கம்பியை மாற்றி இதைத் துரத்தியவர்களை எனக்குத் தெரியும். அது எந்தப் பெட்டியிலும் இல்லை, சுவர்களுக்கு நடுவே இருக்கிறது. பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் எல்லா வீக்கமும் உச்சத்தில் காதில் விழும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 36 ஹெர்ட்ஸ் அடியோடு காணாமல் போகும். 3 மீட்டர் என்பது இரண்டுக்கும் நடுவே.

முழு சோபாவையும் நகர்த்த வீட்டில் சம்மதம் கிடைக்காவிட்டால், சோபாவை 50 சென்டிமீட்டராவது முன்னால் இழுங்கள். பாட்டுக்கு மட்டும் ஒரு ஒற்றை நாற்காலியை அந்த 3 மீட்டர் இடத்தில் போட்டுக்கொண்டு, முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். என் வீட்டில் பல வருடமாக இதுதான் ஏற்பாடு.

டைல் தரையும் வெறும் சுவரும் உள்ள லவுஞ்சில் கைதட்டினால் டர்ரென்று ஒரு எதிரொலி வரும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம் விரியுங்கள். பிறகு நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையை ஒரு கண்ணாடியோடு பக்கச் சுவரை ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடம்தான் சத்தம் முதலில் அடித்துத் திரும்பும் இடம். அங்கே புத்தக அலமாரியோ கனமான திரைச்சீலையோ வந்தால் போதும், சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டவேண்டாம்.

சென்டர் ஸ்பீக்கர் வாங்குவதானால் அப்பாவின் ஸ்பீக்கர் செய்த அதே நிறுவனத்தின் அதே வரிசையில் தேடுங்கள். குரலின் நிறம் இடம் மாறும்போது மாறக்கூடாது. அந்த வயது ஸ்பீக்கருக்குப் பொருத்தமான சென்டர் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். கிடைக்காவிட்டால் பொருந்தாத ஒன்றை வாங்காதீர்கள். ரிசீவரில் சென்டர் இல்லை என்று அமைத்துவிட்டால், அந்தத் தடத்தை அது இரண்டு முன் ஸ்பீக்கருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். நடுவில் இருப்பவருக்குப் பேச்சு திரையிலேயே நிற்கும். ஓரத்தில் உட்காரும் பிள்ளைகள் குறை சொல்கிறார்களா என்று ஒரு மாதம் பாருங்கள். சொன்னால் வாங்கலாம்.

பின்பக்க ஸ்பீக்கர்களுக்குச் சிறியவை போதும். காதுக்கு நேர் பக்கத்தில் வேண்டாம், இரண்டடி பின்னால், பக்கச் சுவரில், உட்கார்ந்தால் தலைக்குச் சற்று மேலே. உங்கள் அகலத்துக்கு அது சுமார் 108 டிகிரி வரும். ஐந்து சேனலுக்கான சர்வதேச அளவு 100-லிருந்து 120 வரை. கூரையில் ஸ்பீக்கர் வைக்கும் யோசனையை இந்த அறைக்கு விட்டுவிடுங்கள்.

சப்வூஃபர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். படத்தில் அடிச்சத்தத்துக்கென்றே ஒரு தனித் தடம் இருக்கிறது, 5.1 என்பதில் அந்த .1 அதுதான். பாட்டில் அது கிடையாது. ஆகவே சப்வூஃபர் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்யவேண்டும். ஸ்பீக்கர் முனையிலிருந்தே சிக்னல் எடுக்கும் நுழைவாயிலும், ரிசீவரின் சப் துளைக்கான நுழைவாயிலும் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும் சப்கள் உண்டு. ரெல் நிறுவனம் இதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. அப்படி ஒன்று கிடைத்தால் பாட்டுக்கு அப்பாவின் ஆம்ப் முனையிலிருந்து ஒரு கம்பி, படத்துக்கு ரிசீவரிலிருந்து ஒரு கம்பி. பாட்டுக்கான குமிழை மிகக் கீழே, ஸ்பீக்கர் ஓய்கிற இடத்தில் மட்டும் கைகொடுக்கும் அளவுக்கு வையுங்கள். சப் இருப்பது காதுக்குத் தெரிந்தால் அதிகமாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். படத்துக்கு, ரிசீவரில் முன் ஸ்பீக்கரை ஸ்மால் என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் பிரியுங்கள். ஸ்பீக்கர் பெரியது, ஏன் ஸ்மால் என்று தயங்கவேண்டாம். அந்தச் சொல் உடம்பைப் பற்றியது இல்லை, அடிச்சத்தத்தை யார் சுமப்பது என்பதைப் பற்றியது. தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கராக இருப்பதால் சப் இல்லாமலும் நீங்கள் தொடங்கலாம். அப்போது ரிசீவரில் சப் இல்லை என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தடம் யாருக்கும் போகாமல் தொலைந்துவிடும்.

இடம் தேட ஒரு பழைய வழி: சப்பைத் தூக்கி உங்கள் நாற்காலியில் வையுங்கள். அடிச்சத்தம் உள்ள பாட்டொன்றை ஓடவிட்டு, முன்சுவர் ஓரமாகத் தவழ்ந்து போங்கள். சில இடத்தில் கும்மென்று வீங்கும், சில இடத்தில் காணாமல் போகும். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒரே எடையில் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். ஆனால் அடுத்த வீட்டாரோடு பகிரும் சுவர் பக்கம் மட்டும் தவழவேண்டாம். செங்கல் சுவர் குரலைத் தடுக்கும், 40 ஹெர்ட்ஸைத் தடுக்காது. அந்தப் பக்கத்து ஆயா இரவு ஒன்பதுக்குப் படுப்பவராக இருப்பார். ரிசீவரில் நைட் மோட் என்று ஒன்று உண்டு. வெடிச்சத்தத்தை இறக்கிப் பேச்சை ஏற்றும். இரவில் அதைப் போடுங்கள்.

எல்லாம் இடத்தில் வந்தபிறகு ரிசீவரின் மைக் சோதனை. ஃபேன், ஃப்ரிட்ஜ் அணைத்துவிட்டு, மைக்கைக் கையில் பிடிக்காமல் காது உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து ஓட்டுங்கள். முடிந்ததும் அது கண்டுபிடித்த தூரங்களை டேப்பால் அளந்து சரிபாருங்கள். உங்கள் முன் ஸ்பீக்கர் இரண்டும் காதிலிருந்து 2.6 மீட்டரில் இருக்கவேண்டும்.

மின்சாரம். லோட்ஷெடிங் காலத்தில் என் மேசைக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை கரண்ட் போனபோது கெடவில்லை, திரும்பி வந்தபோது கெட்டன. எல்லாப் பெட்டியையும் சர்ஜ் பாதுகாப்புள்ள ஒரே பலகையில், ஒரே சுவர்த் துளையிலிருந்து எடுங்கள். படம் ஓடும்போது எல்லாம் சேர்ந்து சில நூறு வாட்தான் இழுக்கும், ஒரு துளை தாராளமாகத் தாங்கும். ஒரே எர்த்தில் இருப்பதால் உம்ம்ம் என்ற இரைச்சலும் குறையும். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அது ப்யூர் சைன் வகையா என்று பாருங்கள். மற்ற வகையில் பழைய ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும். கோடை இடி வரும்போது பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள்.

இரண்டு பெட்டியையும் இணைத்த அன்றே இரைச்சல் ஆரம்பித்தால் முதலில் அந்த டிஷ் கேபிளைத்தான் சந்தேகப்படுங்கள். கழற்றியதும் நின்றால், அந்தக் கேபிளில் மாட்டும் ஐசொலேட்டர் ஒன்று வாங்கினால் போதும். பிளக்கின் எர்த் முனையை வெட்டச் சொல்பவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். அந்த முனை உங்கள் பிள்ளைகளுக்காக இருக்கிறது.

கடைசியாக ரெக்கார்டு பிளேயர். அப்பாவின் ஆம்பின் ஃபோனோ துளையிலேயே இருக்கட்டும், ரிசீவருக்குக் கொண்டுபோகாதீர்கள். சப் இருக்கும் பக்கத்திலோ ஸ்பீக்கர் இருக்கும் அதே அலமாரியிலோ வைத்தால் அடிச்சத்தம் ஊசி வழியாகத் திரும்ப உள்ளே போய் ஊளையிடும். பொதுச் சுவருக்கு எதிர்ப்பக்கச் சுவரில் தனித் தட்டு ஒன்று அடியுங்கள். எல்லாம் முடிந்ததும் அப்பாவின் எல்.பி. பெட்டியிலிருந்து மோனோ தட்டு (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருவது) ஒன்றைத் தேடி எடுங்கள், அப்பா வயதுக்காரர்களிடம் பழைய கச்சேரித் தட்டு நிச்சயம் இருக்கும். அதைப் போட்டு ஒற்றை நாற்காலியில் உட்காருங்கள். குரல் டிவியின் நடுவில் ஒரு கையகல இடத்தில் நிற்கவேண்டும். இடது பக்கம் சாய்ந்தால் இடது ஸ்பீக்கரை இரண்டு விரல் பின்னால் தள்ளி மறுபடி உட்காருங்கள். அகலமாகப் பரந்து நின்றால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பும் கறுப்பும் மாறி மாட்டியிருக்கிறது, ஆம்பை அணைத்துவிட்டு அதை மாற்றுங்கள்.